99 மில்லிவோல்ட்: செய்தியாகிவிட்ட ஒரு வேதியியல் கட்டுரையைத் திருத்திய நிகழ்வு

செட்டிநாட்டுப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட மூவரும் படித்துப் பார்த்து, வெளியிடலாம் என்று சொன்ன பிறகே இதற்கு இறுதி வடிவம் கொடுத்தேன். ஆட்களின் பெயரோ, கல்லூரி, ஆய்விதழ், நாளிதழ் ஆகியவற்றின் பெயரோ இதில் வராது. அப்போது துறையின் ஆய்வுச் செய்திகளை எழுதி வெளியே அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நடந்த பிழைகளில் ஒன்று என்னுடையது. அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

காரைக்குடிப் பக்கத்தில் மின்வேதியியல் என்பது எங்கோ யாரோ செய்கிற படிப்பு அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. ‘சிக்ரி’ என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். அதனால் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் ஆய்வுக்கு வருகிற பிள்ளைகளுக்கு மின்முனை, மின்கலம், அரிமானம் என்ற சொற்கள் பள்ளிக்காலத்திலேயே காதில் விழுந்தவை.

எங்கள் துறை சிறியது. மின்வேதியியல் அளவீட்டுக் கருவி ஒன்றே ஒன்று. ஏழு பேர் நோட்டில் நேரம் எழுதி வைத்து மாறி மாறிப் பயன்படுத்துவோம். இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் அந்த ஏழு பேரில் ஒருவர். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. இனி அவரை ஆய்வாளர் என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய வழிகாட்டிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உண்டு.

ஆய்வாளர் எடுத்துக்கொண்ட பொருள் பனங்கொட்டை ஓடு. எங்கள் பக்கம் கொட்டையைப் புதைத்துக் கிழங்கு எடுப்பார்கள். கிழங்கு பிடுங்கிய பிறகு மிஞ்சுகிற ஓடு அடுப்புக்குத்தான் போகும். அதை நைட்ரஜன் வாயுவில் சுட்டுக் கரியாக்கி, நுண்துளைகள் உண்டாக்கி, அதன்மேல் நிக்கல் ஃபாஸ்பைடை வளர்த்தார். காரக் கரைசலிலிருந்து மின்சாரத்தால் ஹைட்ரஜன் பிரிக்கும்போது, விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதிலாக இதை வினையூக்கியாகப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்தத் துறையில் ஒரு வினையூக்கியின் தரத்தைச் சொல்ல ஒரு எண்ணைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஓட வேண்டுமானால், கொள்கையளவில் தேவைப்படும் மின்னழுத்தத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த எண். இதற்கு மிகைமின்னழுத்தம் என்று பெயர். எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கட்டுரையின் சுருக்கத்தில், தலைப்பில், கடைசியில் வரும் ஒப்பீட்டு அட்டவணையில் எல்லாம் இந்த எண்தான் நிற்கும். ஆய்விதழ் ஆசிரியர் ஒரு கட்டுரையைக் கவனிப்பதும் தள்ளுவதும் பல நேரம் இதை வைத்துத்தான்.

இந்த எண்ணை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. ஒரு ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளந்து, பிறகு ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது கூட்டவேண்டிய மாறிலி, பயன்படுத்திய மின்முனையைப் பொறுத்தது. நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு ஊற்றிய வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைக்கு 0.197 வோல்ட். காரக் கரைசலுக்குப் பொருத்தமான பாதரச–பாதரச ஆக்சைடு மின்முனைக்கு 0.098 வோல்ட். இரண்டிலும் அதோடு 0.059-ஐ பிஎச் மதிப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள 99 மில்லிவோல்ட்தான் இந்தப் பதிவின் முழு விஷயமும்.

கட்டுரை வெளியானது

ஆய்வாளருக்கு முன்பு அதே ஆய்வகத்தில் இருந்த மூத்த மாணவர் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையைப் பயன்படுத்தியவர். அவர் தயாரித்த எக்ஸல் தாள் ஆய்வகக் கணினியில் இருந்தது. அளந்த எண்களை ஒட்டினால் வரைபடம் தானாக வந்துவிடும். எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆய்வாளர் கவனமானவர். வீரியமான காரத்தில் வெள்ளி மின்முனையை வைப்பது சரியல்ல என்று படித்துத் தெரிந்துகொண்டு, வழிகாட்டியிடம் கேட்டுப் பாதரச ஆக்சைடு மின்முனை ஒன்றை வாங்கவைத்தார். சரியான முடிவு. ஆனால் எக்ஸல் தாளில் மறைந்திருந்த 0.197 அப்படியே இருந்தது.

அவர் அளந்தது −1.110 வோல்ட். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பிஎச் 14. சரியாக மாற்றியிருந்தால் மிகைமின்னழுத்தம் 186 மில்லிவோல்ட் வந்திருக்கும். தாள் காட்டியது 87 மில்லிவோல்ட்.

186 என்பது சுமாரான வினையூக்கி. 87 என்பது திரும்பிப் பார்க்க வைக்கும் வினையூக்கி.

இதை அப்போதே கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது, அது தவறிப்போனது. பிளாட்டினத்தையும் அதே மின்முனையோடு அளந்திருந்தால், அதன் மிகைமின்னழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். அப்படி ஒன்று இருக்க முடியாது என்று முதலாமாண்டு மாணவருக்கும் தெரியும். ஆனால் பிளாட்டினம் விலை அதிகம், கருவியில் நேரமும் கிடைக்கவில்லை. மூத்த மாணவர் பழைய மின்முனையில் அளந்து வைத்திருந்த 42 மில்லிவோல்ட் வரைபடத்தையே எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த வரைபடம் தன்னளவில் சரியானது, ஏனென்றால் அந்த மின்முனைக்கு 0.197 பொருந்தும். சரியான வரைபடமும் தவறான வரைபடமும் ஒரே தாளில் அருகருகே நின்றன.

டாஃபெல் சரிவு எனப்படும் இன்னொரு அளவீடும் (மின்னோட்டம் பத்து மடங்காக மின்னழுத்தம் எவ்வளவு கூட வேண்டும் என்பது) காட்டிக்கொடுக்கவில்லை. எல்லா மின்னழுத்தங்களும் ஒரே அளவு நகர்ந்தால் சரிவு மாறாது. அது சரியாகவே வந்தது, பார்த்தவர்களுக்கு நம்பிக்கையும் கூடியது.

கட்டுரை ஓரளவு நல்ல பெயருள்ள ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போனது. இரண்டு மதிப்பீட்டாளர்கள். ஒருவர் துளைகளின் அளவைப் பற்றியும், மற்றவர் நீடித்துழைக்கும் திறன் பற்றியும் நிறையக் கேட்டார்கள். எந்த மாறிலியைக் கூட்டினீர்கள் என்று இருவருமே கேட்கவில்லை. செய்முறைப் பகுதியிலும் ‘ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்றப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருந்தது. வெளியான மாதத்திலேயே இதழின் ‘ஆசிரியர் தேர்வு’ வரிசையில் கட்டுரை சேர்க்கப்பட்டது. எங்கள் துறைக்கு அது முதல் முறை.

செய்தி

இனி என் பங்கு. ஆசிரியர் தேர்வு என்ற தகவல் வந்த அன்று மாலையே நான் பத்திரிகைக் குறிப்பு எழுதினேன். மில்லிவோல்ட் என்று எழுதினால் யாருக்கும் புரியாது என்று நினைத்து அந்த எண்ணை எடுத்துவிட்டு, ‘பிளாட்டினத்துக்கு நிகராகச் செயல்படும்’ என்று எழுதினேன். கட்டுரைகூட அப்படிச் சொல்லவில்லை. 42-ம் 87-ம் நிகர் அல்ல, நெருக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ‘ஆய்வக அளவில்’, ‘காரக் கரைசலில்’ என்ற இரண்டு சொற்களும் என் குறிப்பில் கடைசிப் பத்தியில் இருந்தன. மாவட்டப் பக்கத்தில் இடம் குறைவு. கடைசிப் பத்தி வரவில்லை.

செய்தி ‘பனங்கொட்டையிலிருந்து எரிபொருள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு வந்தது. பனங்கொட்டையிலிருந்து எரிபொருள் வரவில்லை. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வந்தது, அதற்கான செலவு மின்சாரம், கொட்டை ஓடு வெறும் தாங்கி. தமிழ்நாட்டில் இப்படி ஒரு தலைப்பைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு 1996-ல் நாடு முழுக்கப் பேசப்பட்ட மூலிகை பெட்ரோல்தான் ஞாபகம் வரும். வழிகாட்டியிடம் அன்றே இரண்டு பேர் அதைக் கேட்டார்கள். அவர் மிகவும் சங்கடப்பட்டார்.

ஆனால் மகிழ்ச்சியும் உண்மையானது, அதையும் பதிவு செய்ய வேண்டும். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஆய்வாளரின் ஊரில் கோயில் திருவிழா மேடையில் அவருக்குச் சால்வை போட்டார்கள். அவருடைய அம்மா செய்தித்தாளை லேமினேட் செய்து வைத்தார். ஒரு விவசாயி சாக்கு நிறையப் பனங்கொட்டை கொண்டுவந்து, “கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?” என்று துறை வாசலில் கேட்டார். ஆய்வாளர் அவரை உட்காரவைத்து, இப்போதைக்கு ஆய்வகத்துக்கு ஆண்டுக்கு ரெண்டு கிலோ போதும் என்று விளக்கி அனுப்பினார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. செய்தி எழுதுகிறவருடைய ஒரு சொல், பேருந்து ஏறி ஒருவரை இவ்வளவு தூரம் வரவைக்கும்.

அடுத்து விருது மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்றில் ‘சர்வதேச இளம் விஞ்ஞானி’ விருதுக்கு ஆய்வாளர் தேர்வாகிவிட்டார் என்றும் பதிவுக் கட்டணமாகச் சில ஆயிரம் ரூபாய் அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. அவருடைய அப்பா கடன் வாங்கிக் கட்டத் தயாராக இருந்தார். ஆய்வாளர் எங்களிடம் காட்டினார். தேர்வுக் குழுவில் யார் என்று தேடினோம், யாரும் இல்லை. கட்டுரையின் எந்த அம்சத்துக்காக விருது என்று கேட்டு எழுதினோம், பதிலுக்குக் கட்டணக் கடைசித் தேதிதான் வந்தது. அதே வாரத்தில் இன்னும் ஒரு கட்டுரைகூட வெளியிடாத முதலாண்டு மாணவருக்கும் அதே விருது வந்தது. அத்தோடு விட்டுவிட்டோம். பணம் போகவில்லை.

கண்டறிதல்

நான்கு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த இளைய மாணவர் ஒருவர் பாதரச ஆக்சைடு மின்முனையைத் தன் வேலைக்கு எடுத்தார். வாங்கி நாளாகிவிட்டதே, இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரஜன் வாயுவால் நிறைவூட்டிய கரைசலில் பிளாட்டினக் கம்பியை வைத்து அளவுத்திருத்தம் செய்தார். மெதுவாக மின்னழுத்தத்தை மேலும் கீழும் ஓட்டி, மின்னோட்டம் பூச்சியமாகிற இரண்டு புள்ளிகளின் சராசரியை எடுப்பது முறை. அவருக்கு 0.921 வோல்ட் வந்தது. கணக்குப்படி 0.098-ம் 0.826-ம் சேர்ந்து 0.924 வர வேண்டும். மின்முனை நன்றாகவே இருந்தது.

பிறகு அவர் எக்ஸல் தாளைத் திறந்தார். அதில் 1.023 இருந்தது.

தானே தப்பாகச் செய்துவிட்டதாக நினைத்து மூன்று முறை மறுபடி அளந்திருக்கிறார். நான்காம் நாள்தான் ஆய்வாளரிடம் போய், “அக்கா, இந்தத் தாள்ல எந்த எலக்ட்ரோடுக்குப் போட்டிருக்கு?” என்று கேட்டார். ஆய்வாளர் பார்த்த அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் வழிகாட்டியின் அறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள்.

இளைய மாணவர் அதைக் கேட்ட முறை முக்கியம். தப்பு என்று சொல்லவில்லை, எதற்கான தாள் என்று கேட்டார். கல்லூரி முழுக்கக் கொண்டாடப்பட்ட ஒரு மூத்தவரிடம் புதிதாய்ச் சேர்ந்தவர் இதைச் சொல்வது எளிதல்ல. அவர் பேசாமல் தன் தாளை மட்டும் திருத்திக்கொண்டு போயிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

முடிவுகளும் காரணங்களும்

மூன்று நாள் பேச்சு நடந்தது. வழிகாட்டி முதல் நாள் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று சொன்னார், அது நல்லதாகப் போயிற்று. இரண்டாம் நாள் எங்கள் முன் இருந்த வழிகளை எடுத்துப் பேசினோம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது முதல் வழி. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. இதை யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் பேச்சில் ஒவ்வொருவர் குரலிலும் ஒருமுறையாவது அது வந்துபோனது, என் குரலிலும்தான். அடுத்த கட்டுரையில் சரியான எண்ணைப் போட்டுவிட்டு முந்தையதைப் பற்றிப் பேசாமல் இருப்பது இரண்டாவது. ஆய்விதழுக்கு எழுதித் திருத்தக் குறிப்பு வெளியிடுவது மூன்றாவது. கட்டுரையையே திரும்பப் பெறுவது நான்காவது.

ஆய்வாளருக்கு ஆறு மாதத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. கட்டுரை போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. வழிகாட்டிக்குப் பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதுதான் முதல் வரிசை. அவர் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கதை சொல்வார். 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ளெய்ஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு மின்வேதியியலாளர்கள், கட்டுரை வெளியாகும் முன்பே செய்தியாளர்களைக் கூட்டி, கனநீரும் பல்லேடியம் மின்முனையும் கொண்டு அறை வெப்பநிலையில் அணுக்கரு இணைவை நிகழ்த்திவிட்டதாக அறிவித்த கதை அது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்துக் கைவிட்டன. ஃப்ளெய்ஷ்மன் அதற்கு முன்பே பெரிய பெயர் எடுத்தவர். இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு அந்த அறிவிப்புதான் நினைவுக்கு வருகிறது. “இத்தனை வருஷமா இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு, இப்ப நான் பேசாம இருந்தா எப்படி?” என்று வழிகாட்டி கேட்டார்.

நான் இன்னொன்றை நினைவுபடுத்தினேன். 2018-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்ட், 2019-ல் தம் குழு வெளியிட்ட நொதி பற்றிய ஒரு கட்டுரையை, மறுபடி செய்தபோது முடிவு வரவில்லை என்பதால் 2020 சனவரியில் திரும்பப் பெற்றார். தானே ட்விட்டரில் அதை அறிவித்து, அந்த நேரத்தில் வேலை மிகுதியால் என் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று எழுதி மன்னிப்பும் கேட்டார். அதனால் அவர் மதிப்பு குறையவில்லை.

கடைசியில் ஆய்வாளர்தான் முடிவைச் சொன்னார். ஆய்விதழுக்கு எழுதிவிடலாம், ஆனால் வெறும் கணக்கை மட்டும் மாற்றி அனுப்பக் கூடாது, எல்லாவற்றையும் புதிதாக அளந்து அனுப்ப வேண்டும் என்றார். ஒரு பிழையைத் திருத்தும்போது இன்னொன்று ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் காரணம். இதைவிடச் சரியான முடிவை நானோ வழிகாட்டியோ எடுத்திருக்க மாட்டோம்.

ஐந்து வாரம் மற்ற ஆறு பேரும் கருவியில் தங்கள் நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார்கள். புதிதாக மூன்று மாதிரிகள், ஒவ்வொன்றிலும் அளவுத்திருத்தம் செய்த மின்முனை, மின்சுற்றை முடிக்கும் துணை மின்முனையாகப் பிளாட்டினத்துக்குப் பதிலாகக் கிராஃபைட் கம்பி. பிளாட்டினம் கரைந்து மாதிரியின்மேல் படிந்தால் எண் பொய்யாக நன்றாக வரும் என்பதால் இந்த மாற்றம். பிளாட்டினம் பூசிய கரியையும் அதே நாளில் அதே மின்முனையோடு அளந்தார். வினையூக்கிக்கு 183 முதல் 190 மில்லிவோல்ட் வரை வந்தது. பிளாட்டினத்துக்கு 45.

ஒரு நல்ல செய்தியும் அதில் கிடைத்தது. பனங்கொட்டைக் கரியைக் கடையில் வாங்கிய கரியோடு ஒப்பிட்ட பகுதி அப்படியே நின்றது. இரண்டும் அதே மின்முனையில் அளக்கப்பட்டு ஒரே அளவு நகர்ந்திருந்தன, ஆகவே வித்தியாசம் மாறவில்லை. பனங்கொட்டைக் கரி உண்மையிலேயே மேல். நீடித்துழைக்கும் திறன் பற்றிய முடிவும் மாறவில்லை. விழுந்தது ஒன்றுதான்: பிளாட்டினத்துக்கு அருகில் வருகிறது என்ற கூற்று. துரதிர்ஷ்டவசமாக, எல்லாரும் கொண்டாடியது அதைத்தான்.

ஆய்விதழுடன் கடிதப் போக்குவரத்து

கடிதத்தில் முதல் பத்தியிலேயே எந்த எண் தவறு, ஏன் தவறு, சரியான எண் எது என்று எழுதினோம். வருத்தம், சூழ்நிலை எல்லாம் பின்னால்தான். பழைய அளவீட்டுக் கோப்புகள், புதியவை, எக்ஸல் தாள், அளவுத்திருத்த வரைபடம் எல்லாவற்றையும் இணைத்தோம்.

பதிலுக்கு ஏழு வாரம் ஆயிற்று. ஆசிரியர் குழு அதை ஒரு மதிப்பீட்டாளரிடம் அனுப்பியது. பதிப்பு நெறிமுறைகளுக்கென 1997-ல் தொடங்கப்பட்ட கோப் (COPE) அமைப்பின் வழிகாட்டுதலைப் பல இதழ்கள் பின்பற்றுகின்றன. முடிவுகளை நம்ப முடியாத நிலை இருந்தால், அது நேர்மையான தவறாக இருந்தாலும், கட்டுரையைத் திரும்பப் பெறுவதை ஆய்விதழ் பரிசீலிக்க வேண்டும். நம்பத்தக்க ஒரு கட்டுரையில் சிறு பகுதி மட்டும் தவறினால் திருத்தம் போதும். எங்கள் கட்டுரை இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. கரிகளின் ஒப்பீடு நிற்கிறது என்பதால் திருத்தக் குறிப்பாக வெளியிட ஒப்புக்கொண்டார்கள். சுருக்கம், இரண்டு படங்கள், ஒப்பீட்டு அட்டவணை மாறின. அந்த அட்டவணையில் முதல் வரிசையில் இருந்த எங்கள் வினையூக்கி கீழே இறங்கியது. ‘ஆசிரியர் தேர்வு’ என்ற அடையாளத்தை எடுத்துவிட்டார்கள். அது நியாயம் என்றே நாங்கள் பதில் எழுதினோம்.

நாளிதழிலும் கல்லூரியிலும்

திருத்தம் ஆய்விதழில் வந்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. தவறான செய்தியைப் படித்தவர்கள் ஆய்விதழைப் படிக்கப்போவதில்லை. சாக்கு தூக்கி வந்தவருக்கு யார் சொல்வது?

முதல்வரிடம் அனுமதி கேட்டேன். கல்லூரிப் பெயர் கெடுமே என்று தயங்கினார். முதலில் எழுதிய குறிப்பில் மிகைப்படுத்தியவன் நான், அதையும் சேர்த்துத் திருத்துகிறேன் என்று எழுத்தில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார்.

நிருபரிடம் சொன்னபோது, “இது செய்தியா சார்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். முன்பு வந்த செய்தியைப் படித்து ஒரு விவசாயி கொட்டை விற்க வந்ததைச் சொன்னேன். அப்புறம் அவர் பேசவில்லை. அந்த வாரமே நான்கு வரி வந்தது: முன்பு வெளியான ஆய்வின் அளவீட்டில் பிழை இருந்தது, ஆய்வாளர்களே கண்டறிந்து திருத்தியுள்ளனர், பனங்கொட்டை ஓட்டிலிருந்து எரிபொருள் எடுக்கப்படவில்லை. ஃப்ளெக்ஸ் அதற்குள் வெயிலில் வெளுத்துக் கிழிந்திருந்தது, அதைக் கழற்றிவிட்டோம்.

ஆய்வாளருக்கு ஊரில் இது எளிதாக இருக்கவில்லை. சால்வை போட்டவர்களில் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் வைத்து, பொய்யா சொன்னே என்று கேட்டிருக்கிறார். அம்மாவிடம் உட்கார்ந்து, தராசில் கல் மாறிப்போனதைப் போல, எடை போட்டது நிஜம், கல்தான் வேறு என்று விளக்கியிருக்கிறார். லேமினேட் செய்த தாளின் பின்பக்கத்தில் அந்த நான்கு வரிச் செய்தியை அம்மாவே வெட்டி ஒட்டியிருக்கிறார்.

பின்விளைவுகள்

ஆய்வேடு மூன்று மாதம் தள்ளிப்போனது. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வர் கேட்ட கேள்விகளில் பாதி அளவுத்திருத்தம் பற்றியது. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் கையில் இருந்தது. பட்டம் கிடைத்தது. வழிகாட்டியின் பதவி உயர்வுக் குழு கட்டுரைகளை எண்ணியது, திருத்தக் குறிப்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு வருத்தம். இவ்வளவு நேர்மையாக ஒருவர் நடந்துகொண்டதற்கு மதிப்பெண் போட அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

மிகவும் கடினமாக இருந்தது மேற்கோள்கள். திருத்தம் வெளியாவதற்கு முன்பே ஆறு கட்டுரைகள் எங்களுடையதை மேற்கோள் காட்டியிருந்தன. அதில் நான்கு 87 மில்லிவோல்ட் என்ற எண்ணைத் தங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் எடுத்துப் போட்டிருந்தன, ஒன்று மறுஆய்வுக் கட்டுரை, அதாவது பலர் வெளியிட்ட முடிவுகளைத் தொகுத்துச் சொல்வது. மறுஆய்வுக் கட்டுரையின் அட்டவணையிலிருந்துதான் அடுத்து எழுதுகிறவர்கள் எண்களை எடுப்பார்கள், மூலத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்தத் தவறான எண்ணோடு தங்கள் எண்ணை ஒப்பிட்டு, தங்கள் வேலை சுமார் என்று நினைத்து வெளியிடாமல் விட்ட மாணவர்கூட எங்காவது இருக்கலாம். ஆய்வாளரை மிகவும் வாட்டியது இந்த நினைப்புதான். நான்கு குழுக்களுக்கும் அவரே கடிதம் எழுதினார். இரண்டு குழுக்கள் நன்றி சொல்லிப் பதில் எழுதின. அதில் ஒன்று, தங்கள் ஆய்வகத் தாளையும் பார்த்ததாகவும் அது சரியாக இருந்ததாகவும் சொன்னது.

இப்போது மாற்றியிருப்பவை

பொது எக்ஸல் தாளை அழித்துவிட்டோம். ஒவ்வொருவரும் தம் மின்முனையை அளவுத்திருத்தம் செய்து, வந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதி, அதையே கணக்கில் போட வேண்டும். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் மாறிலி, மின்முனை வகை, பிஎச் மூன்றும் எண்ணாகவே வர வேண்டும். பிளாட்டினத்தை அதே வாரத்தில் அளக்காமல் எந்த ஒப்பீடும் கிடையாது. செலவு கூடுதல்தான், ஒரு சிறு புட்டியைத் துறைச் செலவில் வாங்கி எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம்.

கட்டுரை அனுப்பும் முன் அந்த ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு இளைய மாணவர், மூல அளவீட்டிலிருந்து தொடங்கி முக்கிய எண்ணைத் தானே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. மூத்தவர் பார்த்தால் மரியாதைக்குக் கேள்வி வராது, இளையவருக்குக் கேட்பதுதான் வேலை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

செய்தி விஷயத்தில் நான் மாற்றிக்கொண்டது இது. கட்டுரை வெளியான அன்றே குறிப்பு அனுப்புவதில்லை, ஒரு மாதம் பொறுக்கிறேன். ‘ஆய்வக அளவில்’ என்ற சொல்லும் இது எதற்கு ஆகாது என்பதும் இப்போது முதல் வாக்கியத்தில் வருகின்றன. கடைசிப் பத்தி வெட்டுப்பட்டாலும் செய்தி பொய்யாகக் கூடாது. நிருபருக்கு அனுப்பும் முன் ஆய்வாளர் வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். துறை ஆண்டறிக்கையில் வெளியீடுகள் என்ற தலைப்பின் கீழ் கட்டுரைகளுக்குச் சமமாகத் திருத்தக் குறிப்புகளையும் எண் போட்டு அச்சிடுகிறோம். முதல் பதிவு இந்த ஆய்வாளருடையது.

இளைய மாணவரின் பெயரைத் திருத்தக் குறிப்பின் நன்றியுரையில் சேர்த்தோம். இன்று யோசித்தால், அவரைத் திருத்தத்தின் ஆசிரியர்களில் ஒருவராகவே சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தப் பிழையைக் கண்டது அவர், மறு அளவீட்டில் பாதி நாட்கள் கூட இருந்ததும் அவர். இனி இப்படி நடந்தால் அப்படித்தான் செய்வோம்.

அந்த மறுஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் 87 இன்னும் இருக்கிறது. அதன் ஆசிரியர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. போன வாரம் ஆய்வாளர் அந்த இதழின் ஆசிரியருக்கே நேராக எழுதியிருக்கிறார், அளவுத்திருத்த வரைபடத்தை இணைத்து.